ஐம்பத்தாறு கைமரங்கள்

வீட்டுக்குக் கூரை இல்லாமல் இருந்த அந்த ஒரு மாதமும் அத்தை குடையின் கீழேதான் சமைத்தார். மாமா விட்டுப்போன பெரிய கறுப்புக் குடையை விரித்து, அதன் காம்பை அடுக்களை ஜன்னல் கம்பியோடு சணல் கயிற்றால் கட்டிவைத்திருந்தார். குடைக்கு நேர் கீழே அடுப்பு. சுற்றிலும் மொட்டைச் சுவர், மேலே பொட்டு மேகம் இல்லாத வானம். சுவரின்மேல் மூன்று காகங்கள் வரிசையாக உட்கார்ந்து வாணலியில் பொரியும் பப்படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அத்தை அவற்றிடம் இன்றைக்கு என்ன கறி, நேற்றைய சாம்பாரில் ஏன் உப்பு கூடிப்போனது என்றெல்லாம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அத்தை போய் இரண்டு வருஷமாகிறது. அவரை நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. இந்தக் குடையும் காகங்களும்தான் முதலில் வருகின்றன.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு வியாபாரம் செய்த குடும்பம். மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கேயே ஊன்றிவிட்டவர்கள். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் அந்தத் தமிழ் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மலையாளத்துக்குள் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரும். என் கணவர் செய்தித்தாள் படிப்பது மலையாளத்தில். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், அதனால் அவரைப் பற்றி நான் இங்கே என்ன எழுதினாலும் பயமில்லை. நான் ராஜபாளையத்துப் பெண். அப்பா வீடு கட்டும் மேஸ்திரி. பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, இரண்டு வருஷம் அப்பாவோடு வேலை நடக்கும் இடங்களுக்குப் போய்வந்து, கட்டடம் என்றால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்போடு கல்யாணமாகி இங்கே வந்தேன். நான் சொல்லப்போகும் விஷயம் நடந்தபோது வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டின் முன்பகுதி சுக்குக் கிடங்கு, பின்பகுதி குடியிருப்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக்கூரை. சமையல் கடைசியில், வடகிழக்கு மூலையில். தெருவிலிருந்து பார்த்தால் வீடே தெரியாது, கூரை மட்டும் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்ட ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் ஒழுங்கு புரியும். சுவர்களின் தலையில் நாலு பக்கமும் சுற்றிவரும் கனத்த சட்டம். இங்குள்ளவர்கள் அதை உத்தரம் என்பார்கள். அந்தச் சட்டத்திலிருந்து கைமரங்கள் சாய்வாக ஏறி நடுமுகட்டில் போய்ச் சேரும். இங்கே அவற்றுக்குக் கழுக்கோல் என்று பெயர். ஒவ்வொரு கைமரத்தின் இடுப்பிலும் சதுரமாக ஒரு துளை இருக்கும். அந்தத் துளைகள் வழியாக வளை என்கிற நீண்ட மெல்லிய மரச்சட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நுழைத்திருப்பார்கள். ஆணியே கிடையாது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு எல்லாம் நிற்கும். பாலிடெக்னிக்கில் நான் படித்த எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு கூரை வந்ததில்லை. வந்த புதிதில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மேலே பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன், அத்தை என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிடுவார்.

அந்த வருஷம் உத்தரத்தில் இரண்டு இடத்தில் கறையான் ஏறியது. ஏழெட்டுக் கைமரங்களின் நுனி மழைநீர் பட்டு உளுத்துப்போயிருந்தது. ஓடுகள் சரிந்தன. பெரிய மாமா, அதாவது காலமான என் மாமாவின் அண்ணன், இடப்பள்ளியிலிருந்து வந்து பார்த்தார். அவர் அங்கே ஒன்பதாவது மாடியில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர். லிஃப்ட் இல்லாத எந்த வீட்டையும் அவர் அதற்குப் பிறகு வீடாக மதித்ததில்லை. குடும்பத்தில் மூத்தவர், அவர் சொன்னால் சொன்னதுதான். பழைய மரத்தையெல்லாம் விற்றுவிட்டுத் தகர ஷீட் போட்டுவிடலாம், இரண்டு நாள் வேலை என்றார். மாமா இருந்தவரை அவர் பேச்சை மறுத்து அந்த வீட்டில் யாரும் பேசியதில்லையாம். அத்தை அன்றைக்கு மறுத்தார். ஷீட்டின் கீழே சுக்கு வியர்க்கும் என்று ஒரு காரணம் சொன்னார். பெரிய மாமா அசையவில்லை. அப்போது அத்தை நிஜமான காரணத்தைச் சொன்னார்.

"ஷீட்ல மழை பெஞ்சா நான் பேசறது யாருக்குக் கேக்கும் அத்தான்? இங்க நாலு மாசமாக்கும் மழை. நான் வாயை மூடிட்டா இருக்க முடியும்?"

அத்தை நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததாகவே சரித்திரம் கிடையாது. கடைசியில் பெரிய மாமா ஒரு நிபந்தனை போட்டார். கூரையைப் பிரித்து, கெட்ட மரத்தை மாற்றி, இடவப்பாதி மழை இறங்குவதற்குள் திரும்பவும் ஏற்றி முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் மரம் விற்பனைக்கு, வீட்டுக்கு ஷீட். இங்கே இடவப்பாதி என்பது ஜூன் தொடக்கத்தில் வந்து இறங்கும் பெருமழை. அப்போது ஏப்ரல் பாதி. அத்தை சரி என்றார். அவருக்கு அந்தக் கூரை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை, மறுநாள் காலை அவர் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் ஆசாரி வீட்டுக்கு நடந்துபோனதில் தெரிந்துகொண்டேன்.

நிபந்தனை போட்ட கையோடு பெரிய மாமா பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவரையும் தெரியப்படுத்தி வைத்தார். அவர் போர்ட் கொச்சியில் புதிது புதிதாக முளைக்கும் ஹோட்டல்களுக்குப் பழைய கதவும் தூணும் தேடிக் கொடுக்கிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் தினமும் வந்தார். எந்தக் கைமரத்தைக் கண்டாலும் நடுவிரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆஞ்சிலி, ஆஞ்சிலி என்று மரத்தின் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். பெண் பார்க்க வந்தவர்கூட இப்படிப் பெருமூச்சு விட்டிருக்க மாட்டார். அத்தை அவருக்கும் சாயா கொடுப்பார். சர்க்கரை மட்டும் போட மாட்டார்.

ஆசாரி அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர். வெற்றிலை போடும் வாயைத் திறந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அத்தையும் அவரும் ஒரே இடத்தில் நின்றால் பேச்சு மொத்தத்தில் சரியாகிவிடும். பிரிப்பதற்கு முன் எந்த மரம் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்தாக வேண்டும். உத்தரத்தின் உட்பக்கம், ஒவ்வொரு கைமரமும் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், உளியால் எண் கொத்துவதாக ஆசாரி சொன்னார். கைமரங்களில் யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் நான் முந்திக்கொண்டு நான் என்றேன். எட்டு மாதமாக அந்த வீட்டில் எனக்கு இலை நறுக்கவும் துணி மடிக்கவும்தான் வாய்த்திருந்தது. சிவில் படித்தவள் என்பதை நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நினைத்தேன்.

அன்று அத்தை வீட்டில் இல்லை. திருப்பூணித்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆசாரி வீட்டுக்குள் ஏணி போட்டு உட்பக்கம் கொத்தினார். நான் வெளியே ஏணி போட்டு, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைமர நுனிகளில் வெள்ளை பெயிண்டால் எழுதினேன். நடுவில் சுவர். அவர் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது, நான் ஏணியை இழுக்கும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு நான் கடைசி நுனியில் ஐம்பத்தாறு என்று எழுதிவிட்டு ஜன்னல் வழியே உள்ளே கூவினேன். உள்ளிருந்து ஆசாரியும் ஐம்பத்தாறு என்றார். எண்ணிக்கை ஒத்துப்போனதில் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு திருப்தி. அவர் அன்றைக்கு எனக்கு ஒரு வெற்றிலைகூடக் கொடுத்தார்.

பிரித்து இறக்கும் வேலை கல்யாண வீடு மாதிரி நடந்தது. ஓடுகளைக் கை மாற்றிக் கை மாற்றிப் பின்கட்டில் அடுக்கினார்கள். வளைகளை உருவியதும் கைமரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நாங்கள் எதிர்ச்சந்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துப் படுத்தோம், சமையலுக்கு மட்டும் அத்தை இங்கேயே வந்தார். தன் அடுப்பு இல்லாத இடத்தில் தன் கைக்குச் சமையல் வராது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஆசாரியும் அவருடைய இரண்டு ஆட்களும் உளுத்த நுனிகளை வெட்டி, புது மரத்தை நாக்கும் பள்ளமுமாகக் கோத்து ஒட்டினார்கள். வெட்டிய நுனியிலிருந்த எண்ணைப் புது நுனியில் நான் அப்படியே எழுதினேன். கறையான் தின்ற உத்தரத் துண்டுகளை மாற்றி, அதே எண்களைப் புது மரத்திலும் கொத்தினார்கள். வேனல் மழை இரண்டு தடவை பயமுறுத்திவிட்டுப் போனது. மே மாதம் மூன்றாவது வாரம் கைமரங்களைத் திரும்ப ஏற்றத் தொடங்கியபோது எங்கள் கையில் தாராளமாக நாள் இருந்தது.

முதலில் ஏற்ற வேண்டியவை நாலு மூலைகளின் நீளமான மரங்கள். ஒன்றாம் எண் மரத்தை ஒன்றாம் குறியில் வைத்தார்கள். நாலு விரல் நீளம். எதிர்மூலையில் இருபத்தொன்பதாம் மரத்தை வைத்தார்கள். நாலு விரல் குட்டை. ஆசாரி தன் அளவுகோலை எடுத்து அளந்தார், நான் டேப்பை எடுத்து அளந்தேன். முகம் வாடிய முதல் ஆள் அவர்தான். பாரம் இறங்கியதால் சுவர்கள் நகர்ந்துவிட்டன என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பக்கத்து மரங்களை ஏற்றிப் பார்த்தார்கள், இடுப்புத் துளைகள் ஒன்றுக்கொன்று நேர் வரவில்லை. வளையை நுழைத்தால் மூன்றாவது துளையில் முட்டி நின்றது. இறக்கினார்கள், ஏற்றினார்கள், சுவருக்கு முட்டுக் கொடுத்து நெருக்கினார்கள். இப்படி ஐந்து நாள் போயிற்று. தெற்கே கடல் பக்கம் வானம் கறுக்க ஆரம்பித்தது. மரவியாபாரி இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்தார்.

ஆறாம் நாள் காலை ஆசாரி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, நீளமாக இருப்பதை அறுத்து, குட்டையாக இருப்பதில் ஒட்டுப்போட்டு, துளைகளைப் புதிதாகக் குடையலாம், வேறு வழி இல்லை என்றார். ஐம்பத்தாறு மரங்களுக்கும் இதைச் செய்தால் இன்னும் மூன்று வாரம். மழை ஒரு வாரத்தில் வந்துவிடும். அறுத்தபிறகு வியாபாரிக்கும் அந்த மரம் பாதி விலை பெறாது. அத்தை ஆசாரியின் கையிலிருந்த ரம்பத்தை வாங்கி அடுக்களைக்குள் கொண்டுபோய் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். அறுக்க விடமாட்டேன் என்றார். அன்றைக்குத்தான் அத்தை பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். அறுத்துக் குவித்த மரத்தூள்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்குப் பெரிய மாமா வந்தார். கூடவே ஷீட் போடுகிற கான்ட்ராக்டர், அவர் கையில் அளவு நாடா. பின்னால் மரவியாபாரி. பெரிய மாமா கோபமாகவெல்லாம் இல்லை. நீ சொன்னாய், நான் விட்டேன், நடக்கவில்லை, மழைக்கு வீட்டை இப்படித் திறந்து போட முடியாது என்று நிதானமாகச் சொன்னார். நியாயமான பேச்சு, அதனால்தான் கேட்க வலித்தது. கான்ட்ராக்டர் அளக்க ஆரம்பித்தார். அத்தை எழுந்து, வந்தவர்களுக்குச் சாயா போட்டுக்கொண்டு வந்தார். வீட்டின் முன்பகுதியில், கிடங்கின் தென்மேற்கு மூலையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். தலைக்கு மேலே பொருந்தாத ஏழெட்டுக் கைமரங்கள் தற்காலிகமாகக் கயிற்றால் கட்டப்பட்டு நின்றன. தட்டை நீட்டிய அத்தை மேலே பார்த்தார். பார்த்தபடியே நின்றார். கான்ட்ராக்டர் டம்ளரை எடுத்துக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை.

"ஆசாரியே, இது என் அடுப்புக்கு மேல கிடந்த கோலாக்கும். இது எப்படிக் கிடங்குக்கு வந்துச்சு?"

எல்லா மரமும் கறுப்புதான் சேச்சி என்றார் ஆசாரி. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கிடங்கு மரத்தில் இருப்பது தூசி, இது புகை என்றார். விறகடுப்பில் நின்ற காலத்தில் சோறு வேகும்வரை அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாராம். நாலாவது மரத்தின் நடுவில் கண் மாதிரி ஒரு முடிச்சு இருக்கும், முப்பத்தைந்து வருஷம் அதுவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்றார். ஆசாரியின் ஆள் ஒருவர் ஏறி, கண் மாதிரி முடிச்சு இருக்கிறது என்றார். நகத்தால் சுரண்டினார். கரி பிசுபிசுப்பாக வந்தது. விரலை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மிளகாய் வறுத்த வாசனை என்று சொல்லித் தும்மினார். வடகிழக்கு மூலைச் சமையலறை மரம் தென்மேற்கு மூலையில் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஊரில் அப்பா எந்த வேலையையும் ஈசான மூலையில்தான் தொடங்குவார். முதல் செங்கல், முதல் கயிறு, முதல் சுண்ணாம்புக் கோடு எல்லாம் வடகிழக்கில். ஜன்னல்களுக்கு எண் போடுவதென்றாலும் அங்கேயிருந்துதான். நானும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனபோது யோசிக்கவே இல்லை, கால் தானாக வடகிழக்குக்குப் போயிற்று. இந்த ஊர் ஆசாரிகளுக்குத் தென்மேற்கான கன்னிமூலைதான் தொடக்கம். அவருடைய காலும் யோசிக்காமல் அங்கே போயிருக்கிறது. இரண்டு பேரும் வலமாகத்தான் சுற்றினோம், இரண்டு பேரும் ஐம்பத்தாறில்தான் முடித்தோம். என்னுடைய ஒன்று அவருடைய இருபத்தொன்பது. கூரையையே அப்படியே அரைவட்டம் திருப்பி ஏற்றிக்கொண்டிருந்தோம். வீடு அச்சு அசலான செவ்வகமாக இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது. மட்டாஞ்சேரியில் எந்த வீடு அப்படி இருக்கிறது? எங்கள் வீட்டில் தெரு வளைகிற இடத்தில் முன்சுவர் ஒரு சாண் உள்ளே தள்ளி, பின்பக்கம் அகலம், முன்பக்கம் குறுகல்.

மெதுவாக, நான் ஈசானத்திலிருந்து எண்ணினேன் என்று சொன்னேன். ஆசாரி என்னையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஈசானத்திலேர்ந்தோ? கன்னிமூலையிலேர்ந்தல்லே எண்ணுக?"

பெரிய மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எட்டு மாதத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது மூன்று தடவைதான் இருக்கும். இப்போதும் என்னிடம் கேட்கவில்லை. யார் இவளை எண்ணச் சொன்னது என்று பொதுவாகக் கேட்டார். கூரையைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளையெல்லாம் நிதானமாகச் சொன்னவர், இதை மட்டும் உரக்கக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் அத்தான். ஈசானத்திலேர்ந்து எண்ணுன்னு நான்தான் சொன்னேன்."

அத்தை அன்று திருப்பூணித்துறைக் கல்யாணத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார் என்பது அங்கே நின்ற ஆசாரிக்கும் தெரியும். அவர் சட்டென்று குனிந்து உளியைத் தேட ஆரம்பித்தார். பெரிய மாமா அத்தையைக் கால் மணி நேரம் திட்டினார். உனக்கு என்றைக்குத்தான் புத்தி வரும் என்பதில் தொடங்கி, முப்பது வருஷத்துக்கு முன் கண்ணாடி ஜாடி உடைந்தது வரை போனார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு கால் பெருவிரலால் மரத்தூளில் கோடு போட்டபடி கேட்டுக்கொண்டார். திட்டி முடித்துக் களைத்ததும் பெரிய மாமா, எத்தனை நாள் வேண்டும் என்று ஆசாரியைக் கேட்டார். அஞ்சு என்றார் ஆசாரி. ஷீட் கான்ட்ராக்டர் நாடாவைச் சுருட்டினார். வியாபாரி கடைசியாக ஒரு முறை அந்தக் கண் முடிச்சு மரத்தைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஐந்து நாட்களைப் போல இன்னொரு ஐந்து நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை. புதிதாக எண் எழுத நேரமில்லை. அத்தை கீழே நின்றுகொண்டு மனக்கணக்காகச் சொல்லுவார். மரத்தில் மூன்று என்றிருந்தால் இடம் முப்பத்தொன்று, மரத்தில் முப்பத்தைந்து என்றால் இடம் ஏழு. சுக்கு மூட்டைகளோடு காலம் தள்ளியவருக்கு இருபத்தெட்டைக் கூட்டவும் கழிக்கவும் மூச்சு விடுகிற நேரம் போதும். ஆசாரியின் ஆட்கள் சில சமயம் விளையாட்டுக்கு எண்ணை மாற்றிச் சொல்லிப் பார்ப்பார்கள், ஏமாறவே மாட்டார். மூலை மரங்கள் போய்ப் பொருந்தி உட்கார்ந்தன. முதல் வளை துளைகளுக்குள் ஊசியில் நூல் கோப்பதுபோல ஒரு கோடியில் நுழைந்து மறு கோடியில் தலையை நீட்டியபோது ஆசாரி மேலே இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். என் கணவர் ஏலூர் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு ஓடு கடத்தும் வரிசையில் நின்றார். சந்திலிருந்த எல்லா வீட்டு ஆட்களும் நின்றார்கள். அத்தை எல்லோருக்கும் கப்பைக்கிழங்கும், சம்மந்தி என்கிற மிளகாய்த் துவையலும் கொடுத்தார். நடுநடுவே கணக்கும் சொன்னார், கதையும் சொன்னார்.

மழை ஐந்தாம் நாள் சாயங்காலம் வந்தது. பின்பக்கம் கடைசி இரண்டு வரிசை ஓடு பாக்கி. ஆசாரியின் ஆட்கள் நனைந்துகொண்டே வேய்ந்தார்கள். பெரிய மாமாவும் அந்த நேரம் பார்த்து வந்தார், சொட்டச் சொட்ட. கூரை ஏறிவிட்டதா என்று பார்க்க வந்தாரா, ஏறவில்லை என்று பார்க்க வந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தை அவருக்குத் துண்டு கொடுத்து உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். வெளியே வானம் கொட்டித் தீர்த்தது. உள்ளே ஓட்டின்மேல் அது ஒரே சீரான முணுமுணுப்பு, அவ்வளவுதான். அத்தையின் ஒரு வார்த்தைகூட யாருக்கும் தவறவில்லை. பெரிய மாமா முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, கேட்கிறது, கேட்கிறது, போதும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். போகும்போது வியாபாரியை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

அவர் போனபிறகு அத்தையிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் பிழையை நானே சொல்லித் திட்டு வாங்கியிருப்பேன் என்றேன். அத்தை கப்பைத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டே பதில் சொன்னார்.

"அத்தான் என்னைத் திட்டினா நான் பாட்டுக்குச் சாயா போடப் போயிடுவேன் மோளே. உன்னைத் திட்டினா நீ ஊருக்குப் போற பஸ்ஸைப் பாத்துட்டு நிப்பே."

அது உண்மைதான். எட்டு மாதமாக நான் ராஜபாளையத்துப் பஸ் எத்தனை மணிக்கு என்பதை மனப்பாடமாக வைத்திருந்தேன் என்பது அத்தைக்கு எப்படித் தெரியும் என்று புரியவில்லை. அன்றோடு அதை மறந்தேன்.

ஆசாரி கணக்கை முடிக்க மறுநாள் வந்தார். போகும் முன், கைமரங்களில் இருக்கும் வெள்ளை எண்களைச் சுரண்டிவிட்டுச் சரியான எண்களை எழுதிவிடுவதாகச் சொன்னார். அடுத்த முறை பிரிப்பவர்களுக்குக் குழப்பம் வரக் கூடாதே. அத்தை யோசித்தார். பிறகு, கைமர எண் அப்படியே இருக்கட்டும், உத்தரத்தில் கொத்தியதை மாற்றுங்கள் என்றார். ஆசாரி திகைத்துப்போனார். பெயிண்டைச் சுரண்டுவது அரை நாள் வேலை, கொத்தியதைச் செதுக்கி மறுபடி கொத்துவது இரண்டு நாள் வேலை. அதோடு கன்னிமூலையை விட்டு எண்ணிய வீடு இந்தத் தெருவிலேயே கிடையாது என்றார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட சொற்பொழிவு. கன்னிமூலை உங்கள் வழக்கம், இந்த வீட்டில் எண்ணினவள் என் மருமகள் என்று அத்தை சொன்னார். இரண்டு நாள் நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஆசாரி முணுமுணுத்தபடியே செதுக்கினார். வடகிழக்கு மூலையில் ஒன்று என்று கொத்தியபோது மட்டும் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

இந்த ஏப்ரலில் மறுபடி கூரையைப் பிரித்தோம். நாலு கைமரத்தில் கறையான். அந்த ஆசாரி இப்போது மகளோடு ஆலுவாவில் இருக்கிறார், வந்தவர் வேறு ஆள், முப்பது முப்பத்தைந்து வயது. ஒவ்வொரு மரத்தையும் போனில் படம் பிடித்து, எண்ணும் எழுதி, எங்களைவிட நூறு மடங்கு ஒழுங்காக வேலை பார்க்கிறார். உட்பக்கம் ஏணி ஏறி உத்தரத்தைத் துடைத்துப் பார்த்தவர் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். பழைய எண்ணெல்லாம் ஈசானத்திலிருந்து தொடங்குகிறதே, இந்தப் பக்கத்தில் யாரும் இப்படி எண்ண மாட்டார்களே, யார் இப்படி எண்ணச் சொன்னது என்று கேட்டார்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என் அத்தைதான் சொன்னாங்க," என்றேன்.